விதைப்பாத்தியில் அரசு: சென்னை மாகாணம் முதல் தமிழ்நாடு வரை மரநடவின் வரலாறு

அரசு தன் செலவில் விதை சேகரித்து, நாற்றங்கால் அமைத்து, கூலியாட்களைக் கொண்டு காடு வளர்க்கும் வழக்கம் தென்னிந்தியாவில் 1840-களில் வேர்பிடித்தது. மரம் நடுவது அதற்கு முந்தைய ஆட்சியாளர்கள் அறியாத வேலை அல்ல. வழியோரங்களில் ஆலமரங்களும் மாந்தோப்புகளும் வைத்ததை அசோகரின் ஏழாம் தூண் சாசனம் சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட மரநிழல் சாலைகள் தென்மாவட்டங்களில் இன்றும் ‘மங்கம்மாள் சாலை’ என்றே அழைக்கப்படுகின்றன. ஊருணிக் கரையில் அரசும் வேம்பும் வைப்பதும், சத்திரத்தை ஒட்டித் தோப்பு விடுவதும் புண்ணியக் கணக்கில் சேர்ந்தவை. அந்த மரங்களெல்லாம் நிழலுக்கும் கனிக்கும் ஆனவை. வெட்டி எடுப்பதற்கென்றே மரத்தை வளர்ப்பதும், எத்தனை ஆண்டில் எத்தனை கன அடி கிடைக்கும் என்று கணக்கிட்டு நடுவதும் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வந்த புதிய வேலை.

இந்த வேலையின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் சட்டங்களையும் கொள்கை அறிக்கைகளையும் பின்தொடர்கிறார்கள். நாற்றங்காலைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எந்தக் காலத்தில் எந்த மரத்தின் விதை பாத்தியில் விழுந்தது என்பதே அரசுக்கு அப்போது என்ன தேவைப்பட்டது என்பதைக் காட்டிவிடும். கப்பலுக்குத் தேக்கு, நகரத்து அடுப்புக்கும் ரயிலுக்கும் சவுக்கு, மலைவாசத் தலங்களின் விறகுக்குக் கற்பூரமரம், காய்ச்சலுக்குச் சின்கோனா, கிராமத்து ஏரிக்குக் கருவேலம், காகித ஆலைக்குத் தைலமரம். நட்ட மரம் நிலைத்ததா, பட்டுப்போனதா என்பதைத் தீர்மானித்ததோ வேறொரு கேள்வி: அந்த மரம் யாருடையது?

கப்பலில்தான் தொடங்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குக் கடும் தட்டுப்பாடு. நெப்போலியனுடன் நடந்த நீண்ட போர் கடற்படைக்குப் புதிய கப்பல்களைக் கேட்டுக்கொண்டே இருந்தது. பம்பாய்க் கப்பல் கட்டும் துறையில் தேக்கால் கட்டிய கப்பல்கள் ஓக் கப்பல்களைவிட நீண்ட நாள் உழைத்தன. அந்தத் தேக்கு மலபாரின் மலைச்சரிவுகளிலிருந்து ஆறுகளில் மிதந்து கடற்கரைக்கு வந்தது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். 1806இல் கேப்டன் வாட்சன் என்பவரை வனப் பாதுகாவலராக நியமித்த கம்பெனி, தனியார் காடுகளில் நின்ற தேக்கின் மீதும் தன் ஏகபோக உரிமையை நிறுவியது. மரத்துக்குச் சொந்தக்காரர்களும் வணிகர்களும் எதிர்த்தார்கள். விறகு வெட்டவும் தடை வந்ததால் குடியானவர்களும் கொதித்தார்கள். சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையே ஒழித்தார். மரம் வேண்டுமென்றால் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து.

சந்தை மரத்தை வெட்டியதே தவிர வளர்க்கவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஆற்றோரங்களில் எளிதாக இழுத்து வரக்கூடிய பெரிய தேக்குகள் தீர்ந்தன. மலபார் கலெக்டராக வந்த எச். வி. கனோலி, காலியான இடத்தில் அரசே தேக்கு நட வேண்டும் என்று 1840இல் மேலிடத்துக்கு எழுதினார். பலன் கிடைக்க அறுபது ஆண்டுகளாவது ஆகும் ஒரு முதலீட்டை ஆண்டு வருவாயைக் கொண்டே எதையும் எடைபோட்ட கம்பெனி ஏற்றுக்கொண்டது சாதாரணச் செய்தி அல்ல. நிலம்பூரில் சாலியாற்றின் கரைகளில் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டது.

அங்கே முதலில் கிடைத்தது தோல்விதான். தேக்கின் விதை கடினமான ஓட்டுக்குள் இருக்கிறது. ஓட்டைச் சுற்றிப் பஞ்சு போன்ற தோல். காட்டில் அது மண்ணில் கிடந்து, ஒரு கோடையின் வெயிலையும் தீயையும் மழையின் ஈரத்தையும் மாறிமாறிப் பட்ட பிறகே முளைக்கும். சில விதைகள் இரண்டாம் ஆண்டும் காத்திருக்கும். இதை அறியாமல் நெல்லைப் போலத் தூவியவர்களுக்குப் பாத்தி வெறுமையாகவே கிடந்தது. ஓட்டை உடைத்துப் பார்த்தார்கள், தீ வைத்துப் பார்த்தார்கள், காட்டில் தானாக முளைத்த கன்றுகளைப் பிடுங்கி வந்து நட்டார்கள். இரண்டு மூன்று பருவங்கள் இப்படியே வீணாயின. விதையை ஊறவைத்து, மழை தொடங்கும் தறுவாயில் ஆழமில்லாமல் விதைத்து, மேலே வைக்கோலைப் பரப்பி ஈரம் காத்தபோதுதான் முளை எழுந்தது. இன்றைக்கும் தேக்கு விதையைப் பகலில் வெயிலிலும் இரவில் நீரிலும் மாற்றிமாற்றிப் போட்டுப் பக்குவப்படுத்துவதே தமிழக நாற்றங்கால்களின் வழக்கம்.

தோட்டத்தின் அன்றாட வேலை சாத்து மேனன் என்ற மலையாளி அதிகாரியிடம் வந்தது. உதவிப் பாதுகாவலர் பதவியில் இருந்த அவர் சுமார் இருபது ஆண்டுகள் நிலம்பூரிலேயே தங்கி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தேக்குகளை வளர்த்தெடுத்தார். கனோலி 1855இல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்டார். அவர் பெயர் ‘கனோலி பிளாட்’ என்று இன்றும் நிலம்பூரில் நிற்கிறது. 1846இல் நட்ட தேக்குகளின் ஒரு சிறு பகுதி அங்கே காக்கப்பட்டு வருகிறது. சாத்து மேனன் பெயரைச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் கேட்பதில்லை. திட்டத்தை எழுதியவர் கலெக்டர். பாத்தி போட்டு, நீர் தெளித்து, களை எடுத்து, யானையும் தீயும் அண்டாமல் காத்து அந்தத் திட்டத்தை மரமாக்கியவர்கள் சாத்து மேனனும் அவர் கீழ் உழைத்த கூலிக்காரர்களும். வன வரலாறு அவர்களுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

நிலம்பூர்த் தேக்கு வளர்ந்து முடிப்பதற்குள் கப்பல்கள் இரும்புக்கு மாறிவிட்டன. எந்தத் தேவைக்காக நட்டார்களோ அந்தத் தேவை மரம் முதிரும்போது இருக்காது என்பது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்று. தேக்குக்கு வேறு தேவைகள் காத்திருந்ததால் நிலம்பூர் தப்பித்தது.

அந்தத் தேவைகளில் முதன்மையானது ரயில். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. ஒரு மைல் தண்டவாளத்துக்கு ஏறத்தாழ 2,000 சிலிப்பர் கட்டைகள் தேவை. பக்குவப்படுத்தாத கட்டைகளைக் கறையான் சில ஆண்டுகளில் தின்றுவிடும்; மீண்டும் புதிது போட வேண்டும். நிலக்கரி அரிதான தெற்கில் எஞ்சினே விறகில் ஓடியது. அதே 1856இன் டிசம்பரில் சென்னை மாகாண வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். சென்னையில் பிறந்து, ஸ்காட்லாந்தில் மருத்துவம் படித்து, கம்பெனியின் மருத்துவராகத் திரும்பி வந்த தாவரவியலாளர் அவர். காடு அழிவதால் மழையும் நீரூற்றும் குறைகின்றனவா என்ற கேள்வியை 1851இலேயே பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் குழு ஒன்று ஆராய்ந்தது. அந்தக் குழுவில் இவரும் இருந்தார். மன்றோ மூடிய துறை முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவர் வழியாகத்தான் மீண்டும் உயிர்பெற்றது.

கிளெக்ஹார்னின் ஆட்சியில் மரநடவுக்கு இணையாக நடந்த இன்னொரு செயலையும் சொல்ல வேண்டும். மலைமக்கள் காட்டை வெட்டிச் சுட்டு, ஓரிரு ஆண்டு பயிரிட்டு, பின் நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிடும் குமரி வேளாண்மையை 1860இல் அரசு தடைசெய்தது. அந்தத் தடை எத்தனையோ குடும்பங்களின் சோற்றைப் பறித்தது. அதே காலத்தில் பர்மாவில் டயட்ரிச் பிராண்டிஸ் கரேன் மக்களின் எரிகாட்டு வேளாண்மையைத் தடுக்காமல், அவர்கள் தானியத்துக்கு நடுவே தேக்கு விதைக்கச் செய்தார். பயிர் அவர்களுக்கு, மரம் அரசுக்கு. ‘டாங்யா’ என்று உலகெங்கும் பரவிய முறை இதுதான். பின்னாளில் தமிழக வனத்துறையும் மரவரிசைகளுக்கு நடுவே பயிர் செய்ய ஏழைகளுக்கு நிலம் கொடுத்துக் காடு வளர்த்தது. அந்த முறைக்கும் குமரி என்றே பெயர். தடைசெய்யப்பட்ட அறிவு அரசின் கருவியாகத் திரும்பி வந்தபோது அதன் சொந்தக்காரர்கள் கூலிகளாகியிருந்தார்கள்.

நீலகிரியில் தேவை வேறு வகை. ஊட்டியும் குன்னூரும் வெலிங்டன் ராணுவக் குடியிருப்பும் வளர வளர, பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி நின்ற சோலைக்காடுகள் விறகாகிக் குறைந்தன. சோலை மரங்கள் மெல்ல வளர்பவை. வெட்டினால் மீள்வதற்கு ஒரு தலைமுறை போதாது. யூகலிப்டஸ் என்னும் ஆஸ்திரேலியக் கற்பூரமரத்தை 1843இல் கேப்டன் காட்டன் நீலகிரிக்குக் கொண்டுவந்தார். 1850-களின் நடுவிலிருந்து அது தோட்டங்களாக நடப்பட்டது. 1863இல் தொடங்கிய அரம்பி தோட்டம் அவற்றில் பேர்பெற்றது. வெட்டிய அடிமரத்திலிருந்து மீண்டும் தழைப்பதால் ஒரு முறை நட்டதைப் பல முறை வெட்டலாம். விறகுப் பஞ்சம் தீர்ந்தது. எஞ்சிய சோலைகள் பிழைத்ததற்கும் அதுவே ஒரு காரணம். கேடு பின்னால் வந்தது. கற்பூரமரத்தையும் சீகை மரத்தையும் நடுவதற்கு அதிகாரிகள் தேர்ந்தெடுத்த இடம் மலைமுகட்டுப் புல்வெளி. மரமில்லாத நிலம் வீண் நிலம் என்ற எண்ணம் அவர்களிடம் ஆழமாக இருந்தது. மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சி ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது அந்தப் புல்வெளிதான். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும் வரையாடு வாழ்ந்ததும் அங்கேதான். சுதந்திரத்துக்குப் பின்னும் தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கை இழைக்கான மரக்கூழுக்கும் என்று இந்த நடவு தொடர்ந்து, புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கியது. இன்று அதே வனத்துறை சீகை மரத்தை அகற்றிவிட்டு, புல் நாற்றங்கால் போட்டுக்கொண்டிருக்கிறது.

சின்கோனா நீலகிரிக்கு வந்த வேகம் நாற்றங்கால் கலையின் வலிமைக்குச் சான்று. மலேரியாவுக்கு மருந்தாகும் கொயினா அதன் பட்டையிலிருந்து கிடைப்பது. 1860இல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகள் பெரும்பாலும் பட்டுப்போயின. அடுத்து வந்த விதைகளை ஊட்டி அரசுத் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் மக்கைவர் கையில் எடுத்தார். பதியம், கிளைத்துண்டு, கண்ணாடிக் கூரை என்று எல்லா வழியிலும் பெருக்கி, சில ஆண்டுகளிலேயே லட்சக்கணக்கான செடிகளைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நிறுத்தினார். எஞ்சிய நாற்றுகள் தனியார் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கப்பட்டன.

சமவெளியில் எழுந்த கதையே மற்ற எல்லாவற்றையும்விடப் பாடம் நிறைந்தது. சென்னை நகரத்து அடுப்புகளுக்கும் ரயிலுக்கும் விறகு தேவைப்பட்டபோது, 1860-களில் செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோர மணல்வெளிகளில் சவுக்கு நடப்பட்டது. வேறெதுவும் விளையாத உவர்மணலில் அது தழைத்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் உரம் கேட்பதில்லை என்பது பிற்காலத்தில் தெரிந்த விளக்கம். நட்டவர்களுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், நான்கைந்து ஆண்டில் காசாகும் மரம் ஒன்று கிடைத்திருக்கிறது என்பதே. அரசும் நட்டது, நிலக்கிழார்களும் நட்டார்கள், பிறகு சிறு விவசாயிகளும் நட்டார்கள். செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், புதுச்சேரிக் கடலோரக் கிராமங்களில் சவுக்கு நாற்று வளர்ப்பது ஒரு குடும்பத் தொழிலாகவே ஆனது.

அந்தத் தொழிலின் நுட்பம் எந்தக் கல்லூரியிலும் பிறந்ததல்ல. சவுக்கின் காய் வெடிப்பதற்கு முன் பறித்து, சாக்கில் பரப்பி இரண்டு மூன்று நாள் காய வைத்தால் இறகு முளைத்த நுண்விதைகள் உதிரும். ஒரு கிலோவில் லட்சக்கணக்கான விதைகள். மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் தூவி, பூவாளியால் மட்டும் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு ஒரே இரவில் பாத்தியைக் காலி செய்துவிடும் என்பதால் சுற்றிலும் காவல் வேண்டும். விரற்கடை உயரம் வந்ததும் தாய்ப்பாத்தியிலிருந்து பிடுங்கி வேறு பாத்தியில் இடைவெளிவிட்டு ஊன்றுவார்கள். நடவுக்கு ஆனதும் வேரில் மண்ணில்லாமல் பிடுங்கி, கட்டாகக் கட்டி, ஈரச்சாக்கு சுற்றி வண்டியேற்றுவார்கள். பையில்லை, தொட்டியில்லை, சுமை குறைவு. அரசு தொடங்கிவைத்து, மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட மரநடவு தமிழகத்தில் இது ஒன்றுதான் இவ்வளவு முழுமையாக வெற்றிபெற்றது. நட்டவனுக்கே மரம் சொந்தம், வெட்டுவதற்கு எவரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை, விலைக்கு எடுக்கச் சந்தை அருகிலேயே உண்டு. இந்த மூன்றும் ஒருங்கே அமைந்த வேறு மரம் இங்கே அரிது.

1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்கும் 1878இல் வந்த சட்டத்தைச் சென்னை மாகாணம் ஏற்க மறுத்தது. கிராம மக்களுக்குக் காட்டில் உள்ள உரிமைகளை அது பறிக்கிறது என்று வருவாய் வாரியமே வாதிட்டது. பிராண்டிஸ் நேரில் வந்து ஆலோசனை சொன்ன பிறகே தனிச் சட்டம் இயன்றது. சட்டத்தால் ஒதுக்குக்காடுகள் உருவாயின. 1912இல் கோவையில் சென்னை வனக் கல்லூரியும் வந்தது. ஆனால் பட்டா நிலத்துக்கும் ஒதுக்குக்காட்டுக்கும் இடையே கிடந்த புறம்போக்கும் ஏரியும் சாலையோரமும் வருவாய்த் துறையிடமும் உள்ளாட்சி வாரியங்களிடமும் இருந்தன. அங்கே மரம் வைப்பவருக்கு நிலத்தைத் தராமல் மரத்தின் பலனை மட்டும் தரும் ‘2சி பட்டா’ என்ற ஏற்பாடு உண்டு. புளியும் பனையும் தென்னையும் அந்த உரிமையில் வளர்ந்தன. நிலமும் மரமும் வெவ்வேறு கைகளில் இருக்கலாம் என்ற இந்தச் சிறிய ஏற்பாட்டுக்குள் பெரிய அறிவு இருக்கிறது. பிற்காலத் திட்டங்கள் அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை.

இதே காலத்தின் இன்னொரு விதை இன்றுவரை மாவட்டங்களை ஆட்டிவைக்கிறது. வறண்ட பகுதிகளின் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக, 1877இல் ஜமைக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேல விதை அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. பின்னர் ராமநாதபுரம் போன்ற வானம்பார்த்த மாவட்டங்களிலும் அது பரவியது. நோக்கம் நிறைவேறியது என்பதை மறுக்க முடியாது: ஏழைகளின் அடுப்பு எரிந்தது, கரிமூட்டம் ஒரு வாழ்வாதாரமானது. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்ப, கண்மாயும் கால்வாயும் தரிசும் அதன் வசமாயின. 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டதும் ஊர் ஊராக இயந்திரங்கள் இறங்கின. விதைப்பதற்கு ஒரு அதிகாரியின் முடிவு போதுமாக இருந்தது. வேரோடு எடுக்க ஒரு மாநிலத்தின் உழைப்பும் போதவில்லை.

சுதந்திர இந்தியாவில் மரநடவு தேசக் கடமையானது. மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் கே. எம். முன்ஷி 1950இல் வன மகோத்சவத்தைத் தொடங்கினார். 1952இன் தேசிய வனக் கொள்கை நாட்டின் மூன்றிலொரு பங்கு நிலம் காடாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. வன மகோத்சவம் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. தென்மேற்குப் பருவமழை பொழியும் மாநிலங்களுக்கு அது பொருத்தமான காலம். தமிழகச் சமவெளியின் பெரும்பகுதிக்கு மழை வருவதோ ஐப்பசி, கார்த்திகையில். ஆடிக்காற்றில் நட்டு, மூன்று மாதம் வெயிலில் வாட விட்ட கன்றுகளின் எண்ணிக்கையை யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதும் இப்படி ஒரு முடிச்சுதான்: செடிக்கு நீரும் காவலும் மிக அவசியமான முதல் கோடையில் பணம் புதிய ஒதுக்கீட்டுக்குக் காத்துக்கிடக்கும்.

1976இல் தேசிய வேளாண் ஆணையம், காட்டுக்கு வெளியே மக்கள் நிலத்திலும் பொது நிலத்திலும் விறகும் தீவனமும் வளர்க்கும் சமூகக் காடு வளர்ப்பைப் பரிந்துரைத்தது. உத்தரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் உலக வங்கி உதவியோடு அது பரவியது. தமிழ்நாட்டுக்கு 1981 முதல் சுவீடன் அரசின் சீடா நிறுவனம் உதவியது. இங்கே அத்திட்டத்தின் முதன்மை நிலம் ஏரி. நீர்பிடிப்பின் மேட்டுப் பகுதிகளில் நாட்டுக் கருவேலம் நட்டுக் காடாக்கினார்கள். சில மாதம் நீரில் நின்றாலும் கருவேலம் சாகாது; காய் ஆட்டுக்கு, கட்டை அடுப்புக்கும் ஏருக்கும். விதையின் தடித்த தோலை வெந்நீரில் நனைத்து இளக்குவார்கள். அதைவிட நல்லது ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதை, ஆட்டின் வயிற்றிலேயே பக்குவமாகி வருவது. மரம் வெட்டி ஏலம் விட்டதும் ஊராட்சிக்கு ஒரு பங்கு சேர்ந்தது.

அந்தக் காடுகள் பல ஊராட்சிகளுக்கு வருவாய் தந்தன. விறகு பொறுக்கும் பெண்களின் நடை குறைந்த ஊர்களும் உண்டு. ஆனால் ஏலப் பணம் ஊராட்சிக் கணக்கில் சேர்ந்ததே தவிர, நிலமற்ற குடும்பங்களின் கையில் சேர்ந்ததாகச் சொல்ல இயலாது. ஆடு மேய்ப்பவருக்கு நடவு முடிந்த சில ஆண்டுகள் ஏரி மூடிய நிலமானது. தூர் வாராத ஏரியில் மரமும் சேர்ந்ததால் கொள்ளளவு குறைகிறது என்ற பாசனக்காரர்களின் முறையீடும் நியாயமானதே. ஏரி ஒன்றுக்கு மீன், மேய்ச்சல், வண்டல், பாசனம் என்று ஏற்கெனவே பல உரிமைக்காரர்கள் இருக்க, மரம் புதிதாக வந்த பங்காளி. அதற்கு ஊர்க்கூட்டத்தில் பேசி வாங்கிய இடம் இல்லை.

நாற்றங்காலின் உருவத்தை மாற்றியது பாலித்தீன் பை. முன்பு மூங்கில் கூடையிலும் மண்தொட்டியிலும் வளர்ந்த கன்றுகள் 13 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் கொண்ட கறுப்புப் பைக்குள் வந்தன. செம்மண், மணல், தொழு உரம் கலந்து பையை நிரப்புவது, களை எடுப்பது, நீர் ஊற்றுவது, வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்காமல் அவ்வப்போது பைகளை நகர்த்தி அடுக்குவது ஆகிய வேலைகளை நாற்றங்கால்தோறும் பெரும்பாலும் பெண்கள்தான் செய்கிறார்கள். பை வந்ததால் கன்றை எந்தப் பருவத்திலும் வண்டியேற்ற முடிந்தது, எண்ணுவதும் எளிதானது. கேடும் சேர்ந்தே வந்தது. பைக்குள் அதிக நாள் இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்கிறது. நட்ட பின்னும் அந்தச் சுருள் நிமிராது. பத்து ஆண்டு வளர்ந்து புயலில் சாயும் மரத்தின் அடியைப் பார்த்தால் பையின் வடிவம் தெரியும். இதற்காகவே வேரைக் கீழ்நோக்கி வழிநடத்தும் வரிகளும் அடியில் திறப்பும் கொண்ட வேர்க்குழாய்களும் தென்னைநார்க் கழிவு உரமும் வந்தன. தேக்குக்குப் பையே தேவையில்லை. ஓராண்டு நாற்றைப் பிடுங்கி, தண்டையும் வேரையும் தறித்து, கட்டைவிரல் பருமனுள்ள நாற்றுக்குச்சியாக்கி, கடப்பாரைக் குழியில் செருகினால் போதும்.

ஆலைகளின் காலம் இதற்கு இணையாக வந்தது. 1974இல் உருவான தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களின் வறண்ட காடுகளில் தைலமரத்தைப் பெருமளவில் நட்டது. காகிதக்கூழுக்கும் விறகுக்கும் மரம் தடையின்றிக் கிடைத்தது. புதுக்கோட்டை விவசாயிகளோ, மழைநீர் கண்மாய்க்கு வராமல் தோட்டங்களுக்குள் போட்ட வரப்புகளிலேயே நின்றுவிடுகிறது என்று நீண்ட காலமாகப் போராடி வருகிறார்கள். தைலமரம் நிலத்தடி நீரை எவ்வளவு குடிக்கிறது என்ற விவாதம் மண்ணையும் மழையையும் பொறுத்து மாறும். கண்மாயின் வரத்து நிலத்தில் எதை நடுவது என்று கண்மாய்க்காரர்களைக் கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

கோவையில் 1988இல் வன மரபியல், மரப்பெருக்கு நிறுவனம் தொடங்கியதும் சவுக்கின் கதை அடுத்த கட்டத்துக்குப் போனது. தேர்ந்த தாய்மரங்களின் இளங்கிளைத் துண்டுகளை வேர்விடச் செய்து ஒரே தரமுள்ள கன்றுகள் உருவாக்கப்பட்டன. காகித ஆலைகள் சொந்த நாற்றுப்பண்ணை வைத்து, விவசாயிகளோடு விலை ஒப்பந்தம் போட்டன. கன்று வளர்ப்பில் அரசின் கை தளர்ந்து, ஆலையின் கையும் தனியார் பண்ணைகளின் கையும் ஓங்கின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரத்தில் அரசு மீண்டும் சவுக்கைத்தான் அரணாக நட்டது. இயற்கை மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் கரைகளையும் அது மறைக்கிறது என்று சூழலியலாளர்கள் எதிர்த்தனர்.

மக்களைச் சேர்த்துக்கொள்ளும் முயற்சி 1997இல் ஜப்பானிய நிதியுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் தெளிவாக வந்தது. சிதைந்த காடுகளை ஒட்டிய ஊர்களில் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. கன்று நடுவதோடு தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் சேர்ந்தன. மேய்ச்சலையும் விறகையும் குறைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்குக் கடன் கிடைத்தது. நிலத்தின் நோயை முதலில் பார்த்துப் பிறகு செடியை எடுக்கும் அணுகுமுறை பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் பலித்தது. வெட்டுண்ட இடங்களில் நிலம் தாழ்ந்து உப்புநீர் தேங்கியதே அலையாத்தி மீளாததற்குக் காரணம் என்று கண்டு, மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி அலைநீரைப் பாயவிட்ட பின் நட்ட கன்றுகள் காடாயின.

சந்தனத்தின் கதை உரிமைக் கேள்விக்கு நேரடி விடை. சந்தனக் கன்று வேறொரு செடியின் வேரிலிருந்து உணவை உறிஞ்சி வளர்வது. ஆகவே நாற்றங்காலில் அதே பையில் துவரையையோ வேறு துணைச்செடியையோ சேர்த்தே வளர்க்க வேண்டும். இந்த நுட்பம் தெரிந்தவர்கள் பலர் இருந்தும் நெடுங்காலம் தனியார் நிலத்தில் சந்தனம் நடப்படவில்லை. வீட்டுக் கொல்லையில் தானே முளைத்தாலும் அதை வெட்டும், விற்கும் அதிகாரம் வனத்துறையிடமே இருந்ததால், முளையிலேயே கிள்ளி எறிவது பாதுகாப்பாகத் தோன்றியது. 2002இல் சட்டம் திருத்தப்பட்டு நில உரிமையாளருக்கே மரம் என்றான பிறகுதான் சந்தன நாற்றுக்குக் கேட்பு எழுந்தது. ஒரு சட்டத் திருத்தம் செய்ததை நூறு விழிப்புணர்வு ஊர்வலங்கள் செய்திருக்க முடியாது.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. நாட்டு மரங்களுக்கு முதலிடம் என்பது இதில் வரவேற்க வேண்டிய மாற்றம். வேங்கை, மருது, நாவல், இலுப்பை, புங்கன், மகிழம் என்று நாற்றங்கால் பட்டியலே மாறியிருக்கிறது. இந்தப் பட்டியல் நாற்றங்கால்காரருக்கு வேலையைக் கூட்டுகிறது. வேம்பின் விதை பழுத்து விழுந்த இரண்டு மூன்று வாரங்களில் முளைப்புத் திறனை இழக்கும். இலுப்பையும் நாவலும் அப்படியே. சேமித்து வைத்து ஆணை வந்த பின் விதைக்க முடியாது. விதை பழுக்கும் நாளைத் தெரிந்த ஆளும், அந்த நாளில் செலவழிக்கப் பணமும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

மாநிலத்தின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். இலக்கை எட்ட ஏறத்தாழ 12,000 சதுர கிலோமீட்டரில் புதிதாக மரம் எழ வேண்டும். ஒதுக்குக்காடுகளுக்குள் அவ்வளவு இடம் இல்லை. பெரும்பகுதி விவசாயிகளின் பட்டா நிலத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே நாற்றங்காலில் இலவசமாகக் கிடைக்கும் வேங்கைக் கன்றை எடுப்பதா, காசு கொடுத்துச் சவுக்கு நாற்று வாங்குவதா என்று முடிவெடுப்பவர் விவசாயியே. சவுக்கை ஐந்தாம் ஆண்டில் எவரையும் கேட்காமல் வெட்டி விற்கலாம். வேங்கைக்கு முப்பது நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். முதிர்ந்த மரத்தை வெட்டவும் ஏற்றிச்செல்லவும் அன்று எந்த விதி இருக்கும் என்று இன்று அவருக்கு எவராலும் உறுதி தர முடியவில்லை. நட்ட நாளிலேயே அந்த மரத்தை அவர் பெயரில் பதிந்து, வெட்டும் உரிமையையும் எழுதிக் கொடுக்கும் எளிய முறை ஒன்று வந்தால், பாத்தியில் எந்த விதை போடுவது என்பதை விவசாயிகளின் கேட்பே சொல்லிவிடும்.